சிறகொடிந்த கிளிக்கு நாம் செய்யக்கூடியது

மதுரை மீனாட்சி அம்மையின் திருக்கரத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் நாச்சியாரின் திருக்கரத்திலும் கிளி வீற்றிருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். ஆண்டாளின் கிளியை நாள்தோறும் பச்சிலைகளால் புதிதாகச் செய்து, மாதுளம்பூவால் மூக்கு வைத்துச் சாத்துகிறார்கள். அத்தகைய கிளியை நம்மவர் பலர் வீட்டுப் பிள்ளையைப் போல வளர்க்கிறார்கள். ஆனால் அதன் சிறகில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாசத்தினால் நாம் அவசரமாகச் செய்யும் கைவைத்தியமே சில வேளைகளில் அதன் உயிருக்கு உலை வைத்துவிடும்.

கேலாங் போன்ற வட்டாரங்களில் அடுக்குமாடி வீட்டில் வளரும் கிளிக்கு முதல் எதிரி கூரை மின்விசிறி. அடுத்தது சன்னல் கண்ணாடி. கதவிடுக்கும் பூனையும் மற்ற எதிரிகள். சிறகை வெட்டிவிட்டால் ஆபத்தில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அளவுக்கு மேல் வெட்டப்பட்ட கிளி, மெல்லத் தரையிறங்க முடியாமல் கல்லைப் போல விழுந்து மார்பில் அடிபடும்.

ஒரு சிறகு மற்றதைவிடத் தாழ்ந்து தொங்கினாலும், சிறகின் நுனி தரையில் இழுபட்டாலும், கிளி உடலை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் ஒடுங்கிக் கிடந்தாலும் அடிபட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். காட்டில் நோயைக் காட்டிக்கொள்ளும் பறவை இரையாகிவிடும். ஆகவே கிளி தன் வலியை முடிந்தவரை மறைக்கும். அது வெளியே தெரியும்போது துன்பம் முற்றியிருக்கக்கூடும்.

அதன் உடலமைப்பைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. நம் கையைப் போலவே கிளியின் சிறகிலும் மேற்கைக்கு ஓர் எலும்பு, முன்கைக்கு இரண்டு எலும்புகள் உண்டு. மேற்கை எலும்பின் உள்ளே இருக்கும் வெற்றிடம் மூச்சுக் காற்றுப் பைகளோடு தொடர்புடையது. அங்கே திறந்த காயம் இருக்கும்போது மருந்தையோ தண்ணீரையோ ஊற்றினால் அது மூச்சுப் பாதைக்குள் போய்விடும். மேலும், நமக்கு இருக்கும் உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் அது மூச்சுவிட முடியும். மார்பை இறுக்கிப் பிடித்தாலோ கட்டினாலோ மூச்சு நின்றுவிடும்.

பச்சைக் கிளியின் எடை சுமார் 120 கிராம். அதில் இரத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேல். நமக்குச் சில துளிகளாகத் தோன்றுவது அதற்குப் பேரிழப்பு.

இனி, செய்ய வேண்டியவை:

1. மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைச் சாத்தி, வெளிச்சத்தைக் குறையுங்கள். மெல்லிய துவாலையால் பின்புறமிருந்து மூடி, சிறகை உடலோடு ஒட்டியபடி எடுங்கள். மார்பை அழுத்தாதீர்கள்.

2. இரத்தம் வந்தால் சுத்தமான துணியை இரண்டு மூன்று நிமிடங்கள் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் இரத்தம் ஓடும். அது முறிந்து கசிந்தால் சிறிது சோளமாவை நுனியில் வைக்கலாம். ஆனால் திறந்த காயத்தில் மாவு கூடாது. அந்த இறகை நீங்களாகப் பிடுங்காதீர்கள்.

3. காற்றோட்டத் துளையிட்ட காகிதப் பெட்டியில் துவாலை விரித்துக் கிளியை விடுங்கள். உட்காரும் குச்சி வேண்டாம். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் கிளி மறுபக்கம் விலகிக்கொள்ளும்.

4. அன்றைய தினமே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எல்லா மருந்தகங்களிலும் பறவைகளைப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. பூனை கடித்திருந்தால், காயம் ஊசி முனையளவு இருந்தாலும் தாமதம் கூடாது. பூனையின் எச்சிலில் உள்ள கிருமி விரைவில் உயிரைப் பறிக்கும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் நமக்கு நல்லவை. ஆனால் கிளியின் இறகில் எண்ணெய்ப் பசை ஏறினால் உடற்சூடு காக்கப்படாது. மனிதருக்கான வலி மாத்திரை கொடுக்காதீர்கள். பாலையோ தண்ணீரையோ அலகில் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும். குச்சி வைத்துக் கட்டுவதும் மருத்துவருக்கு உரிய வேலை.

மருத்துவர் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்து, தேவையானால் எட்டு என்ற எண்ணின் வடிவில் கட்டுப் போடுவார். பறவையின் எலும்பு நம் எலும்பைவிட விரைவாகக் கூடும். பெரும்பாலும் மூன்று வாரங்களில் பொருந்திவிடும். கட்டு அதற்கு மேல் நீடித்தால் மூட்டு இறுகிவிடும். ஆதலால் அவர் சொன்ன நாளில் தவறாமல் கொண்டு போக வேண்டும். சில கிளிகள் மீண்டும் பறப்பதில்லை. குச்சிகளைத் தாழ்வாக வைத்துக் கொடுத்தால் அவையும் ஏறி இறங்கி, பேசி, மகிழ்ச்சியாகவே வாழும்.

உணவிலும் கவனம் வேண்டும். சூரியகாந்தி விதையை மட்டுமே தின்னும் கிளிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு நலியும். கீரை, காரட் போன்றவற்றையும் கொடுங்கள். கண்ணாடி வழியே வரும் வெயிலில் எலும்புக்கு வேண்டிய கதிர் கிடைக்காது. ஆதலால் கூண்டை நிழலும் இருக்கும்படி சிறிது நேரம் இளவெயிலில் வையுங்கள். மிளகாயின் காரம் கிளிக்கு உறைப்பதில்லை, அது தின்னட்டும். ஆனால் அவகாடோ அதற்கு நஞ்சு.

குணமாகாத கிளியை "விடுதலை செய்தால் புண்ணியம்" என்று மரத்தடியில் விட்டுவிடும் வழக்கமும் உண்டு. பறக்க முடியாத கிளிக்கு அது விடுதலை ஆகாது. பசியிலோ பூனையின் வாயிலோதான் அது முடியும். வளர்த்த பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றமும் ஆகும். அடிபட்ட காட்டுக் கிளியைக் கண்டால் தேசியப் பூங்காக் கழகத்துக்கோ ஏக்கர்ஸ் அமைப்புக்கோ தெரிவியுங்கள்.

டில்லி செங்கோட்டைக்கு எதிரேயுள்ள சமணர் ஆலய வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஓர் அறமருத்துவமனை நடந்து வருகிறது. அடிபட்ட புறாக்களுக்கும் கிளிகளுக்கும் அங்கே கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கிறார்கள். வாய் பேசி வலியைச் சொல்ல இயலாத உயிருக்குச் செய்யும் தொண்டும் அறமே என்பதற்கு அது சான்று. அடிபட்ட கிளிக்கு நம் வீட்டில் நாம் தரவேண்டியவை இருளும் இளஞ்சூடும் அமைதியுமே. மற்றதை மருத்துவரிடம் ஒப்படைப்போம். எல்லா உயிரும் இன்புற்றிருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.