உங்களுக்குத் தெரியுமா? எடை கூடாமலே தசை கூடுதலாக உழைக்கும்

பலகையில் மல்லாந்து படுத்து எடைக் கம்பியை மார்பிலிருந்து மேலே தள்ளும் 'பெஞ்ச் பிரஸ்' பயிற்சியில், எடையை ஒரு கிலோகூட ஏற்றாமல், கவனத்தை மார்புத் தசைமீது நிறுத்துவதாலேயே அத்தசையின் செயல்பாடு உயர்கிறது என்பதை, தோலில் மின்முனைகளை ஒட்டித் தசை எழுப்பும் மின்குறிப்புகளை அளக்கும் தசைமின் பதிவு முறையால் 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

• ஒருவர் ஒரே ஒரு முறை மட்டுமே தூக்கவல்ல உச்ச எடையில் 20 முதல் 60 விழுக்காடு வரை புலப்பட்ட இவ்விளைவு, 80 விழுக்காட்டில் மறைந்துவிட்டது. பெரிய எடையை நாடி விரையும் புதியவர்கள் முதலில் அறியவேண்டிய வரம்பு இதுவே.

• மேற்கையின் பின்புறமுள்ள முத்தலைத் தசைமீது கவனம் வைத்தபோது மார்புத் தசையின் பங்கு குறையவில்லை. 50, 60 விழுக்காட்டு எடைகளில் அதுவும் சேர்ந்தே உயர்ந்தது.

• எட்டு வாரப் பயிற்சியை ஆராய்ந்து 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், தசையை எண்ணிப் பயின்றோரின் முழங்கை மடக்கும் தசைகள் சுமார் 12 விழுக்காடும், எடையைத் தூக்குவதையே எண்ணிப் பயின்றோரின் அதே தசைகள் சுமார் 7 விழுக்காடும் தடித்தன. தொடையின் முன்தசைகளில் இத்தகைய தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.