கரவெட்டி வாக்காளருக்கு வேட்பாளரைத் தெரியுமா?

இலங்கை நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குச்சீட்டில் வேட்பாளர் எவருடைய பெயரும் இருக்காது. மேலே கட்சிகளின் பெயரும் சின்னமும், கீழே விருப்பு வாக்குக்கான எண்களும் மட்டுமே. 2024 நவம்பர் 14ஆம் திகதி கரவெட்டியில் வாக்களிக்கப் போனவர் ஒரு சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு, 1 முதல் 9 வரையான எண்களில் மூன்றுக்குத் தம் விருப்பைத் தெரிவிக்கலாம். அந்த எண்ணுக்குரிய ஆள் யார், என்ன தொழில் செய்தவர், சொத்து எவ்வளவு, வழக்கு ஏதும் உண்டா என்பதையெல்லாம் அவர் வேறு இடத்தில்தான் தேடிப்பிடிக்க வேண்டும்.

வேட்பாளரின் பின்னணி வாக்காளருக்கு எட்டாத சங்கதியாக எப்போது ஆனது? சட்டம் இன்று எதை வெளியிடச் சொல்கிறது?

தொகுதி இருந்த காலம்

1977 வரை பகுதிக்கு ஒரு தொகுதி, பெரும்பாலும் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பதே முறை. உடுப்பிட்டித் தொகுதி உருவாகும்முன் கரவெட்டி அடங்கிய வடமராட்சிக்குப் பருத்தித்துறைத் தொகுதிதான். 1931இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் பகிஷ்கரிப்பால் இங்கு வேட்புமனுவே தாக்கலாகவில்லை. 1934இல் நடந்த இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போனவர் சட்டத்தரணி ஜீ. ஜீ. பொன்னம்பலம்.

1956 தேர்தல் இன்னும் சுவையானது. தமிழரசுக் கட்சி வடக்கில் அள்ளிக்கொண்டு போன ஆண்டு அது. ஆனால் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைத் தேர்ந்தது. கரவெட்டிக்காரர், இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய இடதுசாரி. சிங்களம் மட்டும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர். கட்சி அலை ஒரு பக்கம் அடிக்க, வடமராட்சி ஆளைப் பார்த்து வாக்களித்தது.

அதே கரவெட்டியிலிருந்து வந்தவர் சட்டத்தரணி மு. சிவசிதம்பரம். 1960இல் உடுப்பிட்டியில் வென்று, 1968இல் பிரதி சபாநாயகரானார். 1970இல் தமிழரசுக் கட்சியின் க. ஜெயக்கொடியிடம் தோற்றார். பதவி, பேச்சு வன்மை, ஊர்ப் பெயர் எல்லாம் இருந்தும் தொகுதி அவரை மாற்றியது. 1977இல் அவர் நல்லூரில் போட்டியிட, உடுப்பிட்டியில் தமிழர் விடுதலைக் கூட்டணி த. இராசலிங்கத்தை நிறுத்தி வென்றது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவரை வெல்லக்கூடிய தொகுதியில் நிறுத்திய முடிவு என்று அது இன்றும் பேசப்படுகிறது. கோயில் நுழைவுக்கும் தேநீர்க்கடைச் சமத்துவத்துக்கும் போராட வேண்டியிருந்த மண்ணில் வேட்பாளரின் சாதியும் பின்னணியின் ஒரு பகுதிதான். அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது.

தொகுதி போய்ப் பட்டியல் வந்தது

1989 முதல் மாவட்டம் முழுவதற்கும் ஒரே பட்டியல். யாழ். தேர்தல் மாவட்டத்தில் கிளிநொச்சியும் அடக்கம். ஆசன எண்ணிக்கையோடு மூன்று பெயரைக் கூட்டிப் பட்டியல் கொடுக்க வேண்டும். 2024இல் ஆறு ஆசனம், ஆகவே ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது பேர். கரவெட்டியின் நெல்லியடிச் சந்தியில் கூட்டம் போடுகிற வேட்பாளர் ஊர்காவற்றுறைக்காரராகவும் இருக்கலாம், கிளிநொச்சிக்காரராகவும் இருக்கலாம். 'இன்னாரின் மகன், இன்ன பள்ளிக்கூடத்தில் படித்தவர்' என்று ஊர் சொல்லும் சாட்சி அங்கே உதவாது.

போர்க்காலம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 1994இல் யாழ். மாவட்டத்தின் பெரும்பகுதியில் வாக்களிப்பே நடக்கவில்லை. பதினோராயிரத்துக்கும் குறைவான வாக்குகளைப் பெற்ற ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் (ஈபிடிபி) சுயேச்சைக் குழு 10 ஆசனங்களில் 9ஐப் பெற்றது. வேட்பாளரை எடைபோட வாக்காளரே இல்லாத தேர்தல் அது.

2024இல் ஆறு பேர் தெரிவாகினர். தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்குகளும் மூன்று ஆசனங்களும். தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழு 17 ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. தெரிவானவர்களில் இருவர் மருத்துவர்கள், ஒருவர் முன்னாள் அதிபர், ஒருவர் சட்டத்தரணி. நீண்டகாலம் சட்டத்தரணிகளின் கோட்டையாக இருந்த யாழ்ப்பாண அரசியலில் இது மாற்றம்தான். ஆனால் ஆறு பேரும் ஆண்கள்.

சட்டம் கேட்பதும் கேட்காததும்

வாக்காளராகப் பதிவாகும் தகுதியுள்ள, 18 வயது நிரம்பிய எவரும் போட்டியிடலாம். கல்வித் தகுதி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்க குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்று, அதை முடித்து ஏழு ஆண்டு ஆகாதவர் நிற்க முடியாது. வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் தடையல்ல. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் போட்டியிட 2020இன் 20ஆம் திருத்தம் கதவு திறந்தது. 2022இன் 21ஆம் திருத்தம் அதை மூடியது. வீட்டுக்கொருவர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் வடமராட்சியில் இது ஏட்டுக் கேள்வி அல்ல.

சொத்து, கடன் பிரகடனம் 1975 முதல் சட்டத்தில் உண்டு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதை இறுக்கி, மக்கள் பார்வைக்கும் வழிசெய்தது. அதே ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் செலவுக்கு வரம்பு வைக்கிறது. முடிவு வந்து 21 நாட்களுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் வேட்பாளர் ஒவ்வொருவரும் படிவம் 26இல் தம் மீதான வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் உறுதிமொழியாகக் கொடுக்கிறார். இந்திய உச்ச நீதிமன்றம் 2002, 2003 தீர்ப்புகளில் வாக்காளரின் தகவல் உரிமையாக அதை நிலைநாட்டியது. அங்கே வாக்களிக்கும் முன்பே எவரும் அந்தத் தாளைப் படித்துப் பார்க்கலாம்.

பட்டத்தை மட்டும் நம்பலாமா?

யாழ்ப்பாணத்தில் பெயருக்கு முன்னால் வரும் 'கலாநிதி', 'வைத்தியர்' என்ற அடைமொழிகளுக்குத் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதை சரிபார்ப்புக்கு ஈடாகாது. 2024 நவம்பர் 21இல் சபாநாயகரான அசோக ரன்வல, தம் கலாநிதிப் பட்டம் பற்றிய கேள்விக்குச் சான்று காட்ட முடியாமல் டிசம்பர் 13இல் பதவி விலகினார். வேட்புமனு கொடுத்தபோதே எவரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது.

எதைக் கேட்பது என்பதற்கு ஒரு வழிகாட்டி ஏற்கெனவே உண்டு. 2015இல் தேர்தல் கண்காணிப்பு அமைப்பான பஃவ்ரல் முன்னின்று தொடங்கிய மார்ச் 12 இயக்கம் வேட்பாளருக்கான எட்டு அளவுகோல்களை வகுத்தது. குற்றவாளியாக இருக்கக்கூடாது, இலஞ்சம் ஊழல் கூடாது, சமூகத்துக்குக் கேடான தொழில் கூடாது, பெண்களுக்கும் இளைஞருக்கும் இடம் வேண்டும் என்பன அவற்றுட் சில. மதுபானச்சாலை அனுமதிப்பத்திரங்கள் யாருடைய சிபாரிசில் கிடைத்தன என்ற சர்ச்சை 2024இல் வடக்கிலும் சூடு பிடித்தபோது, தொழில் பற்றிய அளவுகோல் ஏன் வைக்கப்பட்டது என்பது எல்லோருக்கும் விளங்கியது.

அடுத்த முறை வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் துண்டுப் பிரசுரத்தை வாங்கிக்கொண்டு நான்கு கேள்வி கேட்கலாம். சொத்து விவரம் கொடுத்தாயிற்றா? நிலுவையில் வழக்கு உண்டா? சென்ற தேர்தலின் செலவுக் கணக்கைக் கொடுத்தாயிற்றா? வேறு நாட்டுக் குடியுரிமை உண்டா? இவற்றுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு விருப்பு வாக்கு கொடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. சின்னத்துக்குப் புள்ளடி போட்ட பிறகும் அந்தப் பட்டியலுக்குள் ஆளைத் தெரிவுசெய்யும் அதிகாரம் வாக்காளரிடமே இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்தாமலே வாக்குச்சீட்டை மடித்துப் போட்டுவிடுகிறார்கள்.