உங்களுக்குத் தெரியுமா? இரண்டு கோல் போட்டால் ‘பிரேஸ்’!
கால்பந்தில் ஒரே ஆட்டக்காரர் ஒரு போட்டியில் இரண்டு கோல் போட்டால், அதற்கு ‘பிரேஸ்’ என்று பெயர். ஆங்கிலேயர்கள் வேட்டைப் பறவைகளையும் இப்படித்தான் எண்ணினார்கள்: இரண்டு கவுதாரி ஒரு பிரேஸ், நான்கு என்றால் இரண்டு பிரேஸ். வேட்டை நாய்களுக்கும் கைத்துப்பாக்கிகளுக்கும் அதே கணக்கு.

‘பிரேஸ்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது: அங்கே ‘பிராக்கியம்’ என்றால் கை. பழைய பிரெஞ்சு மொழிக்குள் நுழைந்தபோது, அந்தச் சொல் இரு கைகளையும் சேர்த்துக் குறித்தது. ஜோடி என்ற பொருள் அங்கிருந்து வந்ததுதான். மணிக்கட்டில் போடும் பிரேஸ்லெட்டும், கட்டித் தழுவுவதைச் சொல்லும் ‘எம்பிரேஸ்’ஸும் இதே குடும்பம். இறுக்கிப் பிடிப்பதும் கையின் வேலைதானே! கோணல் பல்லை நேராக்க மருத்துவர் மாட்டும் கம்பியும், பிரிட்டனில் கால்சட்டை நழுவாமல் தோளில் மாட்டிக்கொள்ளும் பட்டையும்கூட ‘பிரேஸ்’தான்.