கற்றுக்கொண்டே கற்பித்தவர்

பொதிகை மலையில் தோன்றித் திருநெல்வேலிச் சீமையை வளப்படுத்திவரும் தாமிரபரணி, புன்னைக்காயல் என்னும் ஊரருகே கடலோடு கலக்கிறது. முத்துக்குளிப்போர் நிறைந்த இவ்வூரில் 16-ஆம் நூற்றாண்டில் புதுமையான பள்ளி ஒன்று நடைபெற்றது. அங்குப் பயின்றோர் சிறுவர் அல்லர். ஐரோப்பாவிலிருந்து வந்த பாதிரிமார். பாடமோ தமிழ். அதனைக் கற்பித்தவரும் தமிழர் அல்லர். போர்ச்சுகல் நாட்டினரான ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்பவர். அண்டிரிக் அடிகளார் என்று தமிழ் நூல்கள் அவரைக் குறிக்கும்.

இத்தகைய பள்ளிக்குத் தேவை ஏன் உண்டாயிற்று? 1542-இல் இக்கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தமிழ் அறியாதவர். பிறர் மொழிபெயர்த்துத் தந்த செபங்களை மனப்பாடம் செய்தே மக்களுக்கு ஓதுவித்தார். 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் புகுந்துவிட்டது. நம்பிக்கையைக் கூறவேண்டிய மக்கள் விருப்பத்தைக் கூறிவந்தனர்! பிழையை உணர்ந்த சேவியர், அச்சொல்லை மாற்றுமாறு 1544-இல் தம் துணைவருக்குக் கடிதம் எழுதினார். பொருள் அறியாது ஓதுவதன் இடர் இது.

கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹென்றிக்கஸ் 1546-இல் இந்தியா வந்தார். மொழிபெயர்ப்பாளரை நம்பியிருத்தல் தகாது எனத் துணிந்து, இரவும் பகலும் தமிழ் பயின்றார். அவரும் உடனுறைந்த துறவியரும் தமக்குள் தமிழிலேயே பேசுவதென்றும், தவறுவோர் தண்டனை ஏற்பதென்றும் ஒரு விதி செய்துகொண்டனர். மொழி பயில்வார்க்கு இதனினும் நல்ல வழி அரிது.

ஏறக்குறைய 1549-இல், தாம் இன்னும் மாணவராக இருந்த நிலையிலேயே, பின்வருவோர்க்கென அவர் ஓர் இலக்கணம் வரைந்தார். நம் நன்னூல் தமிழ் பேசத் தெரிந்தவர்க்கு இலக்கணம் உணர்த்துவது. 'வந்தேன், வந்தாய், வந்தான்' எனச் சொல்லும் முறையைத் தமிழ்க் குழந்தை தாயிடமே கற்றுவிடுகிறது. அயலார்க்கோ அதுவே முதற்பாடம். ஆகவே ஹென்றிக்கஸ் தமக்குத் தெரிந்த இலத்தீன் இலக்கணத்தையே சட்டமாகக் கொண்டார். ஆனால் இலத்தீனுக்கு வேற்றுமை ஆறு, தமிழுக்கு எட்டு. ல, ள, ழ என்னும் மூன்றுக்கும் ரோமன் நெடுங்கணக்கில் தனித்தனி எழுத்துகளும் இல்லை. பிறர் அளவுக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு அணிவித்தது போன்றதே இம்முயற்சி. எனினும் அன்று வேறு சட்டை இருந்திலது.

1560-களில் புன்னைக்காயற் பள்ளியில் இவ்வனுபவமெல்லாம் பயன்பட்டது. கற்றோர் தொகை சிறிதே. இடையறாத பணிகளுக்கு நடுவே ஹென்றிக்கஸ் நூல்களும் இயற்றினார். 1578-இல் கொல்லத்தில், தமிழ் எழுத்துகளை வார்த்து, அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அது. 1600-இல் அவர் காலமானார்.

அவருடைய இலக்கணமோ அவர் காலத்தில் அச்சேறவில்லை. லிஸ்பன் நகரத்துத் தேசிய நூலகத்தில் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1982-இல் பதிப்பிக்கப்பெற்றது. புலவர் நூல்களில் இடம்பெறாத அக்காலக் கடற்கரைப் பேச்சுத்தமிழை ஆராய்வோர் இன்று அதனை நாடுகின்றனர்.