கீபோர்டுக்குள் ஏறும் ஒலிகளுக்கு இவ்வளவு விலையா?

திண்டுக்கல் வட்டாரத் திருவிழாக் கச்சேரி மேடைகளில் வயலின், புல்லாங்குழல், நாதஸ்வரம், சித்தார் என்று பல கருவிகளின் ஒலியையும் பெரும்பாலும் ஒரே கீபோர்டு கலைஞர்தான் தருகிறார். தேவாலயப் பாடகர் குழுக்களிலும் இதே நிலைதான். கருவியோடு வரும் ஒலிகள் இந்த வேலைக்குப் போதுவதில்லை. டோன், ரிதம், ஸ்டைல் என்று தனித்தனியாக வாங்கி ஏற்றிக்கொள்ள வேண்டும். கணினியில் இசை அமைப்பவருக்கு பிளக்இன் என்னும் துணை மென்பொருள்கள் தேவை. இவற்றின் விலை கூடுதல் என்ற முணுமுணுப்பு இசைக்கலைஞர்களிடையே எப்போதும் உண்டு.

கூடுதல் ஒலிகளைத் தனியே விற்பது புதிய வழக்கமல்ல. ரோலண்ட் நிறுவனம் 1994இல் வெளியிட்ட ஜேவி-1080 கருவியில் நான்கு விரிவாக்க அட்டைகளைச் செருக இடம் இருந்தது; ஆசியக் கருவிகளின் ஒலிகளுக்கென்றே ஓர் அட்டையும் விற்பனைக்கு வந்தது. 1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் பிளக்இன்களை இசை மென்பொருளோடு இணைக்கும் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்தது. 1999இல் இசைக்கருவிகளும் அதற்குள் வந்தபின் சிந்தசைசரே மென்பொருளாகிவிட்டது.

இதனால் விலை பெருமளவு இறங்கியது என்பதை மறுக்க முடியாது. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 கருவியின் விலை 1,995 டாலர். அதே முறையில் ஒலி எழுப்பும் டெக்ஸெட் என்ற மென்பொருள் இன்று இலவசம்.

அப்படியானால் சில தொகுப்புகளுக்கு மட்டும் ஏன் அத்தனை விலை? ஒரு நாதஸ்வர டோன் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் விளங்கும். நல்ல வித்வான் ஒருவர் ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, பலமாக, குறுக, நீள என்று பலமுறை ஊத வேண்டும். அத்தனையையும் பதிவு செய்து, இரைச்சல் நீக்கி, துண்டு துண்டாக வெட்டி, கட்டைகளில் பொருத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்குரிய பன்னிரண்டு கட்டைகளும் சம இடைவெளியில் நிற்பவை. தோடி ராகத்தின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருப்பது. பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருப்பி ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வதைத் தனியே பதிவு செய்து சேர்த்தால்தான் கமகம் கமகமாகக் கேட்கும். வித்வானுக்கும் ஒலிப்பதிவாளருக்கும் நிரல் எழுதுபவருக்கும் ஊதியம் முன்கூட்டியே போய்விடுகிறது. வாங்குபவர்களோ சில ஆயிரம் பேராகக்கூட இருக்கலாம். அடுத்த பிரதிக்குச் செலவே இல்லை என்பது உண்மைதான். முதல் பிரதிக்கான செலவை அந்தச் சிலரிடம்தான் வசூலித்தாக வேண்டும். உழைப்பைக் கணக்கிட்டால், நன்றாகச் செய்யப்பட்ட கருவித் தொகுப்பின் விலை அநியாயம் அல்ல.

அநியாயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்பெக்ட்ராசோனிக்ஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆம்னிஸ்பியர் 2 மென்பொருளின் விலை 499 டாலராக இருந்தது. ஒரு டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 42,415 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 50,000 ரூபாயைத் தாண்டும். கச்சேரி மேடையில் வாசிக்கும் ஒரு நல்ல கீபோர்டையே இந்தப் பணத்தில் வாங்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் இசையமைப்பாளருக்கும் வேடசந்தூர் கலைஞருக்கும் ஒரே விலை என்பது சமத்துவம் ஆகாது. நாட்டுக்கேற்ற விலை வைப்பது முடியாத காரியமும் அல்ல: நெட்ஃபிளிக்ஸ் 2021இல் இந்தியாவுக்கான மொபைல் திட்டத்தை மாதம் 149 ரூபாயாகக் குறைத்தது. இசை மென்பொருள் நிறுவனங்களில் பெரும்பாலானவை இன்னும் அந்த வழிக்கு வரவில்லை.

உரிமை பற்றிய குறையும் உண்டு. பழைய அட்டையை வேண்டாமென்றால் விற்றுவிடலாம்; மென்பொருள் உரிமத்தைப் பிறருக்கு மாற்றப் பல நிறுவனங்கள் விடுவதில்லை, சில விட்டாலும் கட்டணம் கேட்கின்றன. 2023 மார்ச்சில், பிளக்இன்கள் விற்கும் வேவ்ஸ் நிறுவனம் இனி சந்தா மட்டுமே என்று அறிவித்தது. பயனர்கள் கொதித்தெழவே, சில நாட்களில் நிரந்தர உரிம விற்பனையை மீண்டும் கொண்டுவந்தது. வாங்குபவர்கள் சேர்ந்து கேட்டால் விலைமுறை மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

விலைக்கு அஞ்சித் திருட்டுப் பிரதியை நாடுவது இங்கே சாதாரணமாகிவிட்டது. அத்தகைய பிரதிகளோடு வைரஸும் வரக்கூடும். இன்னொரு இழப்பு அதிகம் பேசப்படுவதில்லை. ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 போன்ற கருவிகளுக்கு உறுமி, பம்பை, தவில் ஒலிகளைத் தயாரித்து விற்பவர்கள் நம்மிடையே உள்ள சிறு கலைஞர்கள். ஒருவர் வாங்கிய டோன் பென்டிரைவ் வழியாக ஊரெல்லாம் பரவும்போது அடிபடுபவர்கள் இவர்கள்தான். வெளிநாட்டுப் பெருநிறுவனம் அந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும், இவர்களால் முடியாது.

பணம் குறைவாக உள்ளவர்களுக்கு நேர்வழி இல்லாமல் இல்லை. 2018இல் திறமூலமாக்கப்பட்ட சர்ஜ், 2020இல் இலவசப் பதிப்போடு வந்த வைட்டல் ஆகியவை விலைகொடுத்து வாங்கும் சிந்தசைசர்களுக்கு ஈடுகொடுப்பவை. செயற்கை ஒலிகளுக்கு இவையே போதும். நவம்பர் மாதத் தள்ளுபடிக் காலத்தில் பல தொகுப்புகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. செலவழிக்கும் பணத்தை நாதஸ்வரம், தவில், உறுமி போன்ற, இலவசமாக நல்ல தரத்தில் கிடைப்பது அரிதான ஒலிகளுக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம். அவற்றை உருவாக்கும் நம் ஊர்க் கலைஞர்களிடம் காசு கொடுத்தே வாங்குங்கள்.