பில் போடும் சாப்ட்வேர்: விலைக்கா, வாடகைக்கா, பில்லுக்கு இவ்வளவு என்றா?



2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து சிட்டையும் பேரேடும் வைத்திருந்த நம்மில் பலர் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டோம். சரக்கு வாங்கும்போது பைசா பைசாவாகப் பேரம் பேசும் நாம், சாப்ட்வேர் வாங்கும்போது மட்டும் விற்க வருபவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆகவே இதைச் சற்று விளக்குகிறோம்.

சாப்ட்வேர் மூன்று விதமாகக் கிடைக்கிறது. லாரியை எண்ணிக்கொண்டால் எளிதில் புரியும். சொந்த லாரி வாங்குவது ஒன்று. மாத வாடகைக்கு அமர்த்துவது ஒன்று. லோடுக்கு இவ்வளவு என்று பேசுவது மற்றொன்று.

முதலாவது, விலை கொடுத்து லைசென்ஸ் வாங்குவது. நம் பகுதியில் பலரும் அறிந்த டாலி இம்முறையில் பரவியதுதான். அதில் சில்வர் என்பது ஒரே கம்ப்யூட்டருக்கு. கோல்டு என்பது ஒரே இடத்தில் பல கம்ப்யூட்டர்களுக்கு. வாடகைக்கும் தருகிறார்கள். லைசென்ஸ் வாங்கினால் காலமெல்லாம் நம்முடையது என்பது உண்மைதான். ஆனால் எலக்ட்ரானிக் தராசு நம்முடையதாக இருந்தும் ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டியிருக்கிறதல்லவா? அதுபோல் புதிய பதிப்பும், இணையம் வழியே செய்யும் வேலைகளும் வேண்டுமானால் ஆண்டுக்கொரு புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. கட்டாவிட்டால் பழைய பதிப்பு ஓடும். சட்டம் மாறும்போது அது கூடவே மாறாது.

இரண்டாவது சந்தா. மாதமோ ஆண்டோ பணம் கட்டும் வரை ஓடும். 2013-ல் அடோபி நிறுவனம் தன் படத் தொகுப்பு சாப்ட்வேர்களின் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மட்டுமே என்று அறிவித்த பிறகு, பெரிய நிறுவனங்கள் பலவும் அந்த வழிக்கே வந்தன. செல்போனில் பில் போடும் செயலிகளும் பெரும்பாலும் இவ்வகையே.

மூன்றாவது, உபயோகத்துக்கு ஏற்ற கட்டணம். வாடிக்கையாளருக்கு அனுப்பும் எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு இத்தனை பைசா என்பதும், கிரெடிட் கார்டு தேய்த்தால் நூற்றுக்கு இவ்வளவு பிடிப்பதும் இதுதான். பெயர் தெரியாமலேயே இதை நாம் நெடுநாளாகக் கட்டிவருகிறோம்.

இனி கணக்கைப் பார்ப்போம். இவை உதாரணத்துக்காக நாமே வைத்துக்கொண்ட தொகைகள். லைசென்ஸ் 20,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு முதல் புதுப்பிப்பு 4,000 என்று கொள்வோம். சந்தா மாதம் 700. மூன்று ஆண்டு முடிவில் லைசென்ஸ்காரருக்கு ஆனது 28,000, சந்தாக்காரருக்கு 25,200. நான்காம் ஆண்டு முடிவில் 32,000, 33,600 என்று தலைகீழாகிறது. நாலு வருஷம் இதே சாப்ட்வேர்தான் என்ற உறுதி உள்ளவருக்கே லைசென்ஸ் கட்டும். பில்லுக்கு 50 பைசா என்றால் மாதம் 1,400 பில்லில் சந்தாத் தொகை வந்துவிடும். நாளுக்கு நூறு பில் போடும் மளிகைக்கடைக்கு மாதம் 1,500 ஆகும், அது நஷ்டம். ஆடிப்பூரத் தேருக்கும் தீபாவளிக்கும் குவிந்து, மற்ற நாட்களில் மிதமாக ஓடும் ஸ்ரீவில்லிபுத்தூர் சிறிய பால்கோவாக் கடைக்கு அதுவே லாபமாகலாம்.

இதில் பலர் மறப்பது 18 சதவீத ஜி.எஸ்.டி. 20,000-க்கு 3,600 கூடும். சாதாரண முறையில் வரி கட்டுபவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவருக்கு அது முழுச் செலவு.

பணத்தைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டுப் படிவம் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காத்து வைக்க வேண்டும். நம் கடையிலேயே ஒரு முறை சந்தா முடிந்து நாலு நாள் தாமதமானது. பழைய பில்லைத் திறக்கப் போனால் பணம் கட்டு என்கிறது திரை! ஆடிட்டர் காத்திருக்க, கேட்டதைக் கட்டினோம். சந்தா நின்றாலும் நம் கணக்கைப் பார்க்கவும், எக்செல்லில் எடுக்கவும் முடியுமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ராஜபாளையம், சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி அனுப்பும் மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. இ-வே பில்லும், 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளோருக்குக் கட்டாயமான இ-இன்வாய்சும் அரசு தளத்தில் இலவசமாகவே போடலாம். சாப்ட்வேர் மிச்சப்படுத்துவது தட்டச்சு வேலையை மட்டுமே. நாளுக்கு இரண்டு லோடு அனுப்புபவர் அதற்கென்று தனிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

“காப்பி போட்டுத் தருகிறேன், ஆயிரம் கொடுங்கள்” என்று வருவோரும் உண்டு. திருட்டு நகல் என்று தெரிந்தே உபயோகித்தால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

லைசென்ஸ் வாங்கும்போது கடைக்காரர் தம் சொந்த இ-மெயில் முகவரியிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். விற்றவர் பெயரிலோ, வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளை பெயரிலோ இருந்தால், புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் அன்று அவரைத் தேடி அலைய நேரிடும்.