சூப்பர்சார்ஜர் இன்டர்கூலர்: பம்ப்பா, ரேடியேட்டரா, ஐஸ் கட்டியா?

ஃபோர்டின் எஸ்.வி.டி மஸ்டாங் கோப்ரா, 2003-04 மாடல். கார் பிரியர்கள் இதை "டெர்மினேட்டர்" என்பார்கள். உருவாக்கும்போது ஃபோர்டுக்குள் வைத்த ரகசியப் பெயர் அது. 4.6 லிட்டர் வி8, வார்ப்பிரும்பு பிளாக், ஃபோர்ஜ் செய்த பிஸ்டன்கள், மேன்லி கனெக்டிங் ராடுகள், மேலே ஒரு ஈட்டன் எம்112 ரூட்ஸ் சூப்பர்சார்ஜர். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 8 பி.எஸ்.ஐ பூஸ்ட், 390 குதிரைத்திறன். இன்ஜினின் உள்பாகங்கள் தேவைக்கு மேலேயே பலமானவை என்பதால், வாங்கியவர்கள் முதலில் செய்கிற வேலை சூப்பர்சார்ஜரின் புல்லியை மாற்றுவதுதான். சின்ன புல்லி போட்டால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், பூஸ்ட் ஏறும். கேட்க சுலபமாத்தான் இருக்கு.

அலுவலக நண்பர் ஒருவர் இந்தக் கார் வைத்திருக்கிறார். சின்ன புல்லி போட்டு 14 பி.எஸ்.ஐ வரை கொண்டுபோக ஆசை. "கூடவே ஒரு பெரிய இன்டர்கூலர் பம்ப் போட்டா போதும்ல?" என்று கேட்டார். பம்ப் வாங்க ஆர்டர் பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. நான் மென்பொருள் ஆள். புரொஃபைல் பண்ணாமல் கோடை வேகப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை நடுங்கும். அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பி.இ.யில் படித்த தெர்மோடைனமிக்ஸ் இத்தனை வருஷம் கழித்து ஒரு காருக்குப் பயன்படும் என்று நினைக்கவே இல்லை.

முதலில் அமைப்பு. காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சூப்பர்சார்ஜருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு சின்ன ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் இன்டர்கூலர். சூடான காற்று அதன் வழியே போகும்போது உள்ளே ஓடுகிற தண்ணீர் (உண்மையில் பாதித் தண்ணீர், பாதி கூலன்ட்) சூட்டை வாங்கிக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் ஒரு எலக்ட்ரிக் பம்ப் வழியாகக் காரின் முன்பக்கம் இருக்கும் இன்னொரு ரேடியேட்டருக்குப் போய், வெளிக்காற்றில் சூட்டைக் கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தனிச் சுற்று.

ஏன் இவ்வளவு பாடு? சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் கலவை தீப்பொறி வருமுன்போ, எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு மூலையிலோ தானாக வெடிக்கும். நம்ம ஊர் மெக்கானிக் "நாக்கிங்" என்பாரே, அதேதான். சாதாரண இன்ஜினில் கட கட சத்தத்தோடு போய்விடும். பூஸ்ட் உள்ள இன்ஜினில் முழு ஆக்சிலரேட்டரில் அது வந்தால் பிஸ்டனே உடையலாம். அதைத் தவிர்க்க ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுக்கும். இழுத்தால் சக்தி குறையும். ஆகக் காசு கொடுத்து வாங்கிய பூஸ்டைச் சூடே தின்றுவிடும்.

இப்போ கணக்கு. வெளிக்காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 8 பி.எஸ்.ஐ என்றால் அழுத்தம் சுமார் 1.55 மடங்கு. குறையே இல்லாத கம்ப்ரசராக இருந்தால் காற்று 40 டிகிரி ஏறும். ரூட்ஸ் வகை அவ்வளவு யோக்கியமானது இல்லை. 55 சதவீதத் திறன் என்று எடுத்துக்கொண்டால் 73 டிகிரி ஏறி, காற்று 103 டிகிரியில் வெளியே வரும். 14 பி.எஸ்.ஐக்குப் போனால் அழுத்தம் 1.95 மடங்கு, சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றுவதால் திறனும் விழும். 50 சதவீதம் என்று வைத்தால் காற்று 158 டிகிரி.

390 குதிரைத்திறனுக்கு இன்ஜின் வினாடிக்குச் சுமார் 0.3 கிலோ காற்றை இழுக்கும். அதை 103 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர, காற்றின் நிறை ஓட்டத்தையும் தன்வெப்பத்தையும் வெப்பநிலை மாற்றத்தையும் பெருக்கினால் 13 கிலோவாட். 14 பி.எஸ்.ஐயில் காற்று வினாடிக்கு 0.38 கிலோ என்று வைத்து, 158லிருந்து அதே 60க்கு இறக்க 37 கிலோவாட்.

கிலோவாட் என்றால் மனசில் நிற்காது. வீட்டு 1.5 டன் ஏசி ஒன்று ஏறக்குறைய 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். முதல் கணக்கில் இரண்டரை ஏசியின் வேலை. இரண்டாவதில் ஏழு ஏசி! பூஸ்ட் இரண்டு மடங்குகூட ஏறவில்லை, வெப்பமோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. புல்லி வாங்கும்போது யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, பம்ப் விஷயத்துக்கு வருவோம். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் நிமிஷத்துக்கு 20 லிட்டர் ஓடுகிறது என்றால், 13 கிலோவாட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் சுமார் 10 டிகிரி சூடாகும். 10 லிட்டர்தான் ஓடுகிறது என்றால் 21 டிகிரி. 40 லிட்டர் என்றால் 5 டிகிரி. காற்றுக்கு முக்கியம் இன்டர்கூலருக்குள் தண்ணீரின் சராசரி வெப்பநிலை. 10லிருந்து 20 லிட்டருக்குப் போனால் அந்தச் சராசரி 5 டிகிரி இறங்குகிறது. 20லிருந்து 40க்குப் போனால் கிடைப்பது இரண்டரை டிகிரிதான். அந்த 40ஐ எட்டவும் லேசில் முடியாது. அதே குழாய்களில் ஓட்டத்தை இரண்டு மடங்காக்க நாலு மடங்கு அழுத்தம் வேண்டும், பம்பின் வேலை எட்டு மடங்கு. பெட்டி மேல போட்டிருக்கிற லிட்டர் கணக்கு எல்லாம் குழாயே மாட்டாமல், எதிர்ப்பு இல்லாமல் ஓடவிட்டு அளந்தது. சுற்றில் மாட்டியதும் அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

37 கிலோவாட்டில் கதை வேறு. 20 லிட்டரில் தண்ணீர் 30 டிகிரி ஏறும், 10 லிட்டரில் 60. அந்த 60 நடக்கவே நடக்காது. தண்ணீர் அவ்வளவு சூடானால் காற்றிலிருந்து வாங்கிக்கொள்ள முடியாமல், காற்று சூடாகவே உள்ளே போய்விடும். ஆகப் பெரிய பம்ப் வீண் என்று நான் சொல்லவில்லை. 8 பி.எஸ்.ஐயில் அது ஆடம்பரம், 14இல் தேவை.

நடுவில் ஒரு மூடநம்பிக்கையை உடைத்துவிடுகிறேன். "தண்ணி ரொம்ப வேகமா ஓடினா ரேடியேட்டர்ல ஆற நேரம் கிடைக்காது" என்று அனுபவசாலிகளே சொல்கிறார்கள். ஷேர் ஆட்டோவை நினைத்துப் பாருங்கள். ஒரு ஆட்டோ நிறுத்தத்தில் கொஞ்ச நேரமே நின்று இரண்டு பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் என்ன நஷ்டம்? பின்னாடியே அடுத்த ஆட்டோ காலியாக வருகிறது. ஒரு ஆட்டோவில் எத்தனை பேர் என்பது கணக்கில்லை, ஒரு மணி நேரத்தில் மொத்தம் எத்தனை பேர் போனார்கள் என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு லிட்டரும் குறைவாக ஆறும், ஆனால் லிட்டர்கள் அதிகம். ரேடியேட்டர் முழுக்கச் சூடாகவே இருப்பதால் வெளிக்காற்றுக்கு மொத்தமாகக் கூடுதல் வெப்பமே போகும். வேகம் கெடுதல் செய்வது, பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் குமிழி கிளம்பினால் மட்டும்தான்.

நண்பரின் காரில் அளந்து பார்த்தோம். இன்டர்கூலருக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சென்சார், வெளியே வரும் இடத்தில் ஒன்று, வெளிக்காற்றுக்கு ஒன்று. நான்காவது, இன்டர்கூலரைத் தாண்டி மேனிஃபோல்டுக்குள் போகும் காற்றின் சூடு. அதற்கு ஃபோர்டே ஒரு சென்சார் வைத்திருக்கிறது. இந்த நாலு எண்ணும் போதும். நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் ஓட்டம் பத்தவில்லை. நுழையும் தண்ணீரே வெளிக்காற்றைவிட ரொம்பச் சூடு என்றால் முன் ரேடியேட்டர் பத்தவில்லை. தண்ணீர் எல்லா இடத்திலும் குளிர்ச்சி, காற்று மட்டும் சூடு என்றால் இன்டர்கூலர் கோரே சின்னது.

டைனோவில் ஏற்றி ஓட்டியபோது வித்தியாசம் 20 டிகிரி காட்டியது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஓட்டம் நிமிஷத்துக்கு 10 லிட்டர் சொச்சம். பம்ப் கெட்டுவிட்டதா? இல்லை. இருபது வருஷக் காரில் எர்த் வயர் முனை பச்சை பூத்துப்போய், பம்புக்கு வர வேண்டிய வோல்டேஜில் கணிசமான பங்கு அங்கேயே விழுந்துகொண்டிருந்தது. போதாததற்குச் சுற்றின் உயரமான இடத்தில் ஏர் லாக் வேறு. முனையைச் சுரண்டி, பம்புக்குத் தனி ரிலே போட்டு, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி வைத்துக் காற்றை வெளியேற்றினோம். வித்தியாசம் 11 டிகிரியாக இறங்கியது. அதாவது 19 லிட்டர். செலவு ஒரு ரிலே, ஒரு முழம் வயர். பம்ப் ஆர்டர் நின்றுபோனது.

ஒரு எச்சரிக்கை: டைனோவில் ஒரே ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு முடிவெடுக்கக் கூடாது. சுற்றில் மொத்தம் 4 லிட்டர் தண்ணீர் என்றால், நிமிஷத்துக்கு 20 லிட்டர் வேகத்தில் ஒரு சுற்று வர 12 வினாடி. முழு ஆக்சிலரேட்டர் ஓட்டமோ 10 வினாடிதான். முதல் சூடான தண்ணீர் திரும்பி வருவதற்குள் சோதனை முடிந்துவிடும்! முன் ரேடியேட்டரே இல்லாவிட்டாலும் முதல் ஓட்டம் நன்றாகத்தான் இருக்கும். இடைவெளி விடாமல் ஓட்டுகிற மூன்றாவது ஓட்டம்தான் உண்மையைச் சொல்லும். எங்களுக்கும் அதில்தான் தெரிந்தது: நுழையும் தண்ணீரே ஏறிக்கொண்டே போனது. அவர் அடுத்துச் செலவு செய்ய வேண்டியது முன்பக்க ரேடியேட்டரில். புல்லி அதற்கப்புறம்.

டிக்கியில் ஒரு பெரிய தொட்டி வைத்து ஐஸ் கட்டி போடுகிறவர்களும் உண்டு. சிரிக்க வேண்டாம், கணக்கு அவர்கள் பக்கம். 10 வினாடி ஓட்டத்தில் சேரும் வெப்பம் அதிகபட்சம் 130 கிலோஜூல். 4 லிட்டர் தண்ணீரை அது 9 டிகிரி ஏற்றும். தொட்டியோடு 14 லிட்டர் என்றால் இரண்டரை டிகிரிதான். 3 கிலோ ஐஸ் உருகும்போது மட்டுமே 1000 கிலோஜூல் குடிக்கும், அப்படிப்பட்ட ஏழு ஓட்டத்துக்குத் தாங்கும். எந்த ரேடியேட்டராலும் வெளிக்காற்றைவிடக் குளிர்விக்க முடியாது, ஐஸால் முடியும். கால் மைல் டிராக் ரேசுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் சர்க்யூட்டில் இருபது நிமிஷம் தொடர்ந்து ஓட்டுகிறவருக்குத் தொட்டி சூட்டைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவே. அங்கே முன் ரேடியேட்டரின் பரப்பும், அதன் வழியே காற்று ஒழுங்காகப் போகிறதா என்பதும்தான் பேச்சு. பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் காற்று சுலபமான வழியில் சுற்றிக்கொண்டு போய்விடும். பழைய ஃபோம் ஷீட் ஒன்றை வெட்டி அடைத்தாலே பலன் தெரியும்.

கூலிங் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்ததும் பலரைப் பயமுறுத்துகிற ஒரு விஷயம்: பூஸ்ட் மீட்டர் முன்பைவிடக் குறைவாகக் காட்டும். லீக் இருக்கிறதோ என்று பைப் பைப்பாகத் தேடுவார்கள். ரூட்ஸ் சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளுகிற சாதனம். உள்ளே போகும் காற்றின் நிறையை அது ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. அதற்குப் பிறகு காற்றைக் குளிர்வித்தால் அதே நிறை சுருங்கி, அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கியதால் சூப்பர்சார்ஜரின் வேலையும், அது கிளப்பும் சூடும் கொஞ்சம் குறையும். மீட்டரில் எண் குறைந்து, டைமிங் முன்னால் போய், கார் வேகமாக ஓடும். டர்போ காரிலிருந்து வந்தவர்களுக்கு இது ஜீரணிக்கச் சிரமம். அங்கே பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் அழுத்தத்தைச் சமன் செய்துவிடும், குளிர்ந்த காற்று அப்படியே கூடுதல் நிறையாகச் சேரும்.

கடைசியாக, ஓடாத காரின் சூடு. கோப்ராவில் இன்டர்கூலர் இருப்பது வி8இன் இரண்டு கைகளுக்கு நடுவே, 90 டிகிரிக்குக் கொதித்துக்கொண்டிருக்கும் இன்ஜினின் மடியில். சாவியைத் திருப்பி அணைத்தால் பம்பும் நின்றுவிடும். தேங்கிய தண்ணீரும் சூப்பர்சார்ஜரின் அலுமினிய உடலும் அடுப்பு மேல் வைத்த பாத்திரம் மாதிரி சூடேறும். ரேஸ் வரிசையில் காத்திருந்துவிட்டு ஓட்டும்போது முதல் சில வினாடி டைமிங் இழுபடுவது இதனால்தான். இன்ஜின் நின்ற பிறகும் பம்பைச் சில நிமிஷம் ஓடவிடுகிற டைமர் ஒன்று நல்ல முதலீடு. முன்னால் ஒரு ஃபேனும் இருந்தால் இன்னும் நல்லது.

டாட்ஜ் இதைத் தொழிற்சாலையிலேயே செய்துவிட்டது. 2018 சேலஞ்சர் எஸ்.ஆர்.டி டீமனில், இன்ஜினை அணைத்த பிறகும் இன்டர்கூலர் பம்பும் ஃபேனும் ஓடும் வசதி உண்டு. அதோடு, பயணிகளைக் குளிர்விக்கிற ஏசியின் குளிர்பதன வாயுவைத் திருப்பி இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கவும் ஏற்பாடு இருக்கிறது. 840 குதிரைத்திறன் கார் அது. கார் ஏசியால் 5, 6 கிலோவாட்தான் இழுக்க முடியும், ஓட்டத்தின் நடுவே வரும் வெப்பத்துக்கு அது எந்த மூலைக்கு? அதன் பயன் ஓட்டத்துக்கு முந்தைய நிமிஷங்களில். வரிசையில் நிற்கும்போதே தண்ணீரை வெளிக்காற்றுக்குக் கீழே இறக்கி வைத்துவிடுகிறது. டிக்கியில் ஐஸ் போடுகிறவர் செய்வதும் இதையேதான், என்ன, அவர் கடையில் போய் ஐஸ் மூட்டை வாங்க வேண்டும்.